சிவந்த ஊசித் தழும்பு

மரக்காணம் பக்கத்து மீனவக் குப்பத்தில், கலைமதியின் எட்டு மாதக் குழந்தைக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல் விடவில்லை. கண்ணும் உதடும் சிவந்துவிட்டன. பிறந்தபோது கையில் போட்ட காசநோய்த் தடுப்பூசியின் தழும்பும் சிவந்து வீங்கியிருந்தது.

தெருவில் வந்த கிராம நர்ஸ் துர்காவை மறித்து அவள் கத்தினாள். "நீங்க போட்ட ஊசிதான் எம்புள்ளய இப்பிடிப் பண்ணிடுச்சி, பாருங்க!"

துர்கா அந்தத் தழும்பையே உற்றுப் பார்த்தாள். "எப்பவோ ஆறிப்போன தழும்பும்மா இது. இப்ப சிவக்குதுன்னா உள்ள வேற ஏதோ இருக்குது. ஜல்தியா கிளம்பு, நானும் வர்றேன்."

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில், இது ரத்தக் குழாய்களைத் தாக்கும் கவாசாகி நோய் என்றார் டாக்டர். ஊசியால் வந்ததல்ல. இந்த நோய் வந்தால், சில குழந்தைகளுக்குப் பழைய ஊசித் தழும்பு இப்படிச் சிவக்குமாம். ஸ்கேனில் இதயத்தின் ஒரு குழாய் லேசாக வீங்கியிருந்தது. உடனே மருந்து ஏற்றினார்கள்.

மறுநாள் காய்ச்சல் இறங்கியது. கலைமதி துர்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"திட்டினத மனசுல வச்சிக்காதீங்கக்கா."

"நீ திட்டலன்னா நான் அந்தக் கையப் பாக்காமலே போயிருப்பேன்" என்றாள் துர்கா.

ஆறு வாரம் கழித்து எடுத்த ஸ்கேனில் குழாயின் வீக்கம் வடிந்திருந்தது. அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகையைக் கலைமதி அன்றுதான் அழுதாள்.