எழுந்து நிற்கும் மண்டபம்

சூயிங்கம் மென்றபடி ஒருவன் மண்டபத்துக்குள் வந்தான். நான் எழுந்து நின்றேன். கைப்பேசியைத் தூக்கி என்னைப் படம் எடுத்துக்கொண்டு வெளியே போனான். நான் உட்கார்ந்தேன். இதற்குப் பெயர் கலை. இதைப் பார்க்கத்தான் பல தேசத்துக்காரர்கள் இந்த அயல்நாட்டுக் கண்காட்சிக்கு விமானம் ஏறி வந்தார்கள்.

மூன்று பக்கம் வெள்ளைச் சுவர், ஒரு பக்கம் கீழே வாசல் படிக்கட்டு தெரியும் கண்ணாடி, நடுவில் மர நாற்காலி, நாற்காலியில் நான். யார் உள்ளே கால் வைத்தாலும் எழுந்து நிற்கவேண்டும். கடைசி ஆள் வெளியேறும்வரை உட்காரக் கூடாது. இந்த மகத்தான யோசனையைக் கண்டுபிடித்தவனுக்கு முப்பது வயதிருக்கும். இரண்டு முட்டியும் கிழிந்த கால்சட்டை போட்டிருப்பான். பக்கத்து மண்டபத்துக் காவலாளி, நம் தமிழ் ஆள், அவனுக்குக் 'கிழிசல்' என்று பெயர் வைத்திருந்தார். நாற்பது பேரின் புகைப்படங்களைப் பார்த்து என்னைத்தான் பொறுக்கினானாம் கிழிசல். என் முதுகு நேராக இருந்ததாம். "சும்மா உக்காந்திருக்கிற வேலை பெரியப்பா. உங்க கம்பீரத்துக்குத்தான் கூப்பிடறாங்க" என்று வேலை பிடித்துக் கொடுத்த தம்பி மகன் சொன்னான். பாதியைச் சொன்னான். மீதியைக் கையெழுத்துப் போட்டபிறகு இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன்.

முப்பத்தொரு வருடம் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தவன் நான். நான் நுழைந்தால் நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தம் கேட்கும். ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பாதியில் ஓடிவருகிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. பதினொரு வாரம் எழுந்தேன், உட்கார்ந்தேன். வீட்டில் மட்டும் "ஒரு மண்டபம் முழுக்க என் பொறுப்பு" என்று சொல்லியிருந்தேன். பொய்யில்லை. மண்டபத்தில் என்னைத் தவிர வேறொன்றும் இல்லையே.

கண்காட்சி முடிய மூன்று நாள் இருக்கும்போது மனைவி ஃபோன் செய்தாள்.

"நம்ம பையனுக்குப் பேசியிருக்கிற பொண்ணு வீட்டுக்காரங்க இருக்கிற ஊர், அங்கேருந்து ரெண்டு மணி நேரந்தானாமே. சனிக்கிழமை உங்களப் பார்க்க வர்றாங்களாம்."

"வேலை இருக்கும்னு சொல்லு."

"சொன்னேன். அந்த வேலையத்தான் பார்க்கணுமாம்."

நிச்சயதார்த்தம் அடுத்த மாதம். என் தங்கை கல்யாணத்தில் என் அப்பா நாள் முழுக்கக் கால் வீங்க நின்றார், பெண்ணைப் பெற்றவர் என்பதால். இப்போது நாங்கள் மாப்பிள்ளை வீடு. அந்த வீட்டுத் தலைவன் போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் கூலிக்கு எழுந்து நிற்கிறான் என்று அவர்கள் கண்ணால் பார்த்துவிட்டால், பிறகு எந்தச் சபையில் நான் உட்காருவது?

கிழிசலிடம் ஒரு நாள் விடுப்புக் கேட்டேன். நான் இல்லாவிட்டால் படைப்பே இல்லை என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். காவலாளி, "வயித்து வலின்னு படுத்துடுங்களேன்" என்றார்.

"என் வயிறு பொய் சொல்லாது."

"அப்ப அனுபவிங்க."

சனிக்கிழமை மதியம் சம்பந்தி வந்தார். யாரிடமோ மன்னிப்புக் கேட்கப் போகிறவரைப் போல ஒரு முகம். இப்படிப்பட்ட முகங்களை நான் மதித்ததே கிடையாது. எழுந்து நின்றேன்.

அவர் பதறிப்போனார். "அய்யய்யோ, என்ன சம்பந்தி இது! எனக்குப் போய் எழுந்திரிக்கிறீங்க? நீங்க மாப்பிள்ளை வீடு. மொதல்ல உக்காருங்க."

"இருக்கட்டும்."

"உங்களப் பத்தி ரொம்பக் கறாரானவர்னு சொல்லிப் பயமுறுத்திட்டாங்க. இவ்வளவு மரியாதையா..." கண் கலங்கிவிட்டது அவருக்கு. "நீங்க உக்காராம நான் இங்கேருந்து நகர மாட்டேன்."

"நீங்க வெளிய போகாம நான் உக்கார மாட்டேன்" என்றேன். அப்பட்டமான உண்மை அது. மனிதர் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்.

அவரும் நின்றார், நானும் நின்றேன். இரண்டு கிழவர்கள் ஒருவருக்காக ஒருவர் நிற்பதைப் பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. ஏகப்பட்ட கைப்பேசிகள். கிழிசல் ஓடிவந்து நெஞ்சில் கைவைத்துக்கொண்டான். அவனுடைய குப்பைக்கு இப்படி ஒரு யோகம் அடிக்கும் என்று அவனே நினைத்திருக்க மாட்டான்.

அப்போதுதான் அந்தப் பெண்ணைக் கவனித்தேன். எனக்கு மருமகளாக வரப்போகிறவள். வாசலோரச் சுவரில் ஒட்டியிருந்த அட்டையைப் படித்துக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்வேன், எதற்குச் செய்வேன் என்று அந்த நாட்டு மொழியில் அதில் முழுக்க எழுதியிருந்தது.

"என்னம்மா போட்டிருக்கு?" என்றார் அந்த மொழி படிக்கத் தெரியாத சம்பந்தி.

அவள் என்னைப் பார்த்தாள். நானும் பார்வையை இறக்கவில்லை.

"மண்டபத்துக்கு யார் பொறுப்புன்னு போட்டிருக்குப்பா. மாமா பேருதான்."

எனக்குக் கூசியது. என்னிடம் சலுகை கேட்டு நின்றவர்கள் உண்டு. எனக்குச் சலுகை காட்டியவர்கள் கிடையாது. அதுவும் இருபத்துநான்கு வயதுப் பெண் ஒருத்தி.

"ரயிலுக்கு நேரமாச்சுப்பா" என்று அவரைக் கிளப்பினாள். எனக்கு முதுகு காட்டக் கூடாதென்று அவர் பின்பக்கமாகவே நடந்து, யார் காலையோ மிதித்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனார். அந்தக் கூத்தைப் பார்க்கக் கூட்டமும் பின்னாலேயே போயிற்று. மண்டபம் காலியானது. உட்கார்ந்தேன்.

அவள் மட்டும் திரும்பி வந்து வாசலில் நின்றாள்.

"மாமா, நான் உள்ள வரல. நீங்க எழுந்திரிக்காதீங்க."

"வேற என்ன?"

"நீங்க உக்காந்ததைப் பார்த்துட்டுத்தான் போவேன்னு அப்பா கீழ நிக்கிறார். ஒரு நிமிஷம் அப்படியே இருங்க. நான் யாரையும் விடல."

கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தேன். படிக்கட்டின் அடியில், வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்தபடி சம்பந்தி அண்ணாந்து தேடிக்கொண்டிருந்தார். வாசலில் அவளுக்குப் பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். யாரோ முணுமுணுத்தார்கள். அவள் வலது கையை நீட்டிக் கதவு நிலையைப் பிடித்து வழியை மறித்தாள். முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.

கீழே அவர் என்னைக் கண்டுகொண்டார். முகமெல்லாம் சிரிப்பாக இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார். அதே நேரம், அவள் கைக்கு அடியில் குனிந்து நுழைந்த ஒரு பெண்குழந்தை, சிவப்புச் செருப்புப் போட்ட ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு, என் முகத்தையே பார்த்தது.