கோவளம் தாண்டி ஒரு கூரைக் கடை

வறுத்த வஞ்சிரத்தை இலையின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு சுந்தரவல்லி மறுபடியும் அடுப்படிப் பக்கம் பார்த்தாள். ஓலைத் தட்டிக்குப் பின்னால் ஒருத்தி குனிந்து விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது நரைத்த தலை தெரிந்தது. சுந்தரவல்லி பார்வையை இலைக்குத் திருப்பிக்கொண்டாள். எதிரே உட்கார்ந்திருந்த அய்யாதுரை இதைக் கவனிக்கவில்லை. மீனின் நடு முள்ளை உருவி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மசாலா நல்லாத்தான் போட்டிருக்கான். மீனு பழசு. கடலைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஐஸ் மீனைப் போடுதான் பாரு."

"ஆமா" என்றாள்.

"அடுத்த வாரம் நெம்மேலிப் பக்கம் போவோம். நம்ம கடைக்குச் சரக்கு கொண்டு வார லாரி டிரைவர் சொன்னான். அங்க ஒரு இடத்துல இறால் தொக்கு அம்புட்டு நல்லா இருக்குமாம்."

ஞாயிற்றுக்கிழமைகளில் கடையை மைத்துனரிடம் விட்டுவிட்டு இப்படிக் கிளம்புவது அந்த வருஷம் தொடங்கிய பழக்கம். அய்யாதுரைக்குத் தி.நகரில் எவர்சில்வர் பாத்திரக் கடை. உடன்குடியிலிருந்து வாலிபத்தில் வந்து, அண்ணன் கடையில் நின்று, பிறகு தனியாகப் போட்டது. வீடு அசோக் நகரில். பழைய ஃபியட் கார் ஒன்று வைத்திருந்தார். அதில் அடையாறு தாண்டி, திருவான்மியூர் தாண்டி, கடலோரச் சாலையில் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே போய், ஏதாவது ஒரு கூரைக் கடையில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். முட்டுக்காட்டில் மடவை மீன் நன்றாக இருக்கும், ஆனால் சோறு குழைந்திருக்கும். கானத்தூரில் நண்டு ரசம். பட்டிபுலத்தில் ஒரு கிழவர் சங்கராவைத் தணலில் சுட்டுத் தருவார். கடைக்கு வரும் தெரிந்தவர்கள்கூட இப்போதெல்லாம், "அண்ணாச்சி, மெட்ராஸ் பக்கத்துல நல்ல மீன் சாப்பாடு எங்க?" என்று அவரிடம் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். அவரும் குக்கருக்கு வாஷர் தேடுவதை நிறுத்திவிட்டு, எந்தத் திருப்பத்தில் வண்டியை ஒதுக்க வேண்டும், என்ன கேட்டு வாங்க வேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார்.

மீன் வேண்டும் என்று முதலில் கேட்டது சுந்தரவல்லிதான். அவள் எதையும் வாய்விட்டுக் கேட்பவள் அல்ல. அதுவும் மகள் போன பிறகு சாப்பாட்டையே கொறிப்பாகக் குறைத்துக்கொண்டவள். டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார். சாயங்காலம் கோயிலுக்குப் போய்வரச் சொன்னார். எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. அப்படிப்பட்டவள் ஒருநாள் காலையில் காப்பியைக் கொடுத்துவிட்டு, "கடக்கரைப் பக்கம் எங்கயாவது போயி, நல்ல மீன் சாப்பிடணும் போல இருக்கு" என்றபோது அய்யாதுரை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார். "இதுக்கென்னட்டி, இன்னைக்கே போவோம்" என்றார். அவர் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அதற்கு முந்தின நாள்தான் பக்கத்து வீட்டுச் சூடாமணி அவளைச் சமையலறைக்குள் அழைத்துப்போய்ச் சொல்லியிருந்தாள்.

"மகாபலிபுரம் போயிட்டு வரப்ப கோவளம் தாண்டி ஒரு கூரைக் கடைல சாப்ட்டோம் மாமி. அங்க பரிமாறுன பொண்ணு நம்ம சிந்துவாட்டமே இருந்தா. பேரைச் சொல்லிக் கூப்ட்டேன், திரும்பிப் பாக்காம உள்ள போய்ட்டா. எந்தக் கடைன்னு அடையாளம் சொல்லத் தெரியல. அந்த ரோட்ல எல்லாம் ஒரே மாதிரி கூரைதான்."

சிந்து அவர்களுக்கு ஒரே மகள். கடை வேனை ஓட்டிக்கொண்டிருந்த சூசைராஜோடு போய்விட்டாள். அவன் காசிமேட்டு மீனவன். போன அன்று தேடியதில் அவனுடைய வீடு பூட்டிக் கிடந்தது. எந்தத் தேவாலயத்தில் கல்யாணம் நடந்தது, எங்கே குடியிருக்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியவில்லை. அய்யாதுரை அழவில்லை, கத்தவில்லை. மறுநாள் விடியலில் கிணற்றடியில் உட்கார்ந்து தலை முழுகினார். செத்தவர்களுக்கு முழுகுவதுபோல. பிறகு ஈரத்தோடு வந்து, "இனி இந்த வீட்டுல அந்தப் பேரைச் சொல்லக் கூடாது" என்றார். சுந்தரவல்லி சொல்லவில்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் மட்டும் சொல்லிப் பார்த்துக்கொள்வாள்.

அதனால்தான் மீன் என்று கேட்டாள். தேடப் போகிறோம் என்றால் அவர் வாசலைக்கூடத் தாண்டமாட்டார். போகப் போக அவளுக்கே ஒரு குழப்பம் வந்தது. கார் திருவான்மியூரைத் தாண்டியதும் அய்யாதுரையின் முகம் மாறும். கல்யாணமான புதிதில் இருந்த மாதிரி பேசுவார். இந்தப் பக்கத்துக் குழம்பில் தேங்காய் அரைத்து விடமாட்டார்கள் என்று குறைப்படுவார். முள் எடுத்த சதையை யாரும் பார்க்காதபோது அவள் இலையில் வைப்பார். சில வாரங்களில் அடுப்படியைப் பார்க்க மறந்து அவளும் ருசித்துச் சாப்பிட்டுவிடுவாள். திரும்பும் வழியில் அது நினைவுக்கு வரும்போது, வயிற்றில் கிடந்த மீன் கனக்கும்.

நெம்மேலியில் டிரைவர் சொன்ன இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. வெயில் ஏறிவிட்டது. கொஞ்சம் திரும்பி வந்து, புளியமரத்தடியில் நின்ற ஒரு கூரையின் முன்னால் அய்யாதுரை வண்டியை நிறுத்தினார். பலகை ஏதுமில்லை. நாலு பெஞ்சு, மண் தரை, கைகழுவ ஒரு நீல டிரம். மூங்கிலில் தூளி ஒன்று தொங்கியது. உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அது இருந்த பக்கமாகவே இடம் கிடைத்தது.

இலை போட வந்தவளைச் சுந்தரவல்லி முதலில் கையைக் கொண்டுதான் அறிந்தாள். வலது கையில் கட்டைவிரல் அடியில் ஒரு மச்சம். அந்தக் கை கறுத்திருந்தது. மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த தழும்புகள், காய்ந்து ஒட்டிய மீன் செதில் ஒன்று. நிமிர்ந்து பார்த்தாள். சிந்து பார்க்கவில்லை. தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்தாள். அய்யாதுரை மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார். மாட்டிக்கொண்டு நிமிர்ந்தவர் அவளைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

எழுந்து போய்விடுவார் என்று சுந்தரவல்லி நினைத்தாள். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் எழவில்லை.

"சங்கரா இருக்கு, நெத்திலி இருக்கு" என்றாள் சிந்து இலையைப் பார்த்தபடி. குரல் அவளுடையதுதான். "இன்னா கொண்டாரட்டும்?"

"எது இருக்கோ கொண்டாம்மா" என்றாள் சுந்தரவல்லி.

சோறு வந்தது. குழம்பு வந்தது. சுந்தரவல்லி ஒரு வாய் எடுத்து வைத்துக்கொண்டு, அதில் எதையோ தேடினாள். தான் போடும் சீரகம், தான் கடைசியில் கிள்ளிப் போடும் கறிவேப்பிலை, மாங்காய்க் கீற்று. எதுவும் இல்லை. வீட்டில் இருந்தவரை சிந்து அடுப்பைப் பற்ற வைத்ததில்லை, படிக்கிற பிள்ளை என்று இவளும் விட்டதில்லை. வேறு யாரோ பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல புளி, நல்ல காரம், அன்று பிடித்த மீன். இதுவரை போன கடைகளிலெல்லாம் இதுதான் நல்ல குழம்பு. அதை நினைத்தபோதுதான் அவளுக்குக் கண் நிறைந்தது.

அய்யாதுரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முகத்தைத் தூக்காமல், நிறுத்தாமல் சாப்பிட்டார். இலையில் சோறு இருக்கும்போதே, "குழம்பு" என்றார். சிந்து ஓடி வந்து ஊற்றினாள். கரண்டி இலையில் இடித்தது. அவர் கை ஒரு கணம் நின்று மறுபடியும் பிசைந்தது. அவ்வளவுதான் அவர்கள் பேசிக்கொண்டது.

சாப்பிட்டதற்கு உண்டான பணத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டு அவர் காருக்குப் போய்விட்டார். சுந்தரவல்லி டிரம்மடியில் நின்றாள். சிந்து மொண்டு ஊற்றினாள்.

"எளைச்சிட்டியேம்மா" என்றாள் ஊற்றிக்கொண்டே.

"நீ சாப்பிட்டியாட்டி?"

"அப்பா எனக்காவ தல முழுகிட்டாராமே" என்றாள் சிந்து. கோபமில்லை. யாரோ சொன்ன செய்தியைச் சரிதானா என்று கேட்பதுபோல இருந்தது. சுந்தரவல்லி ஈரக் கையால் அவள் முகவாயைத் தொட்டாள். தூளிக்குள் அசைவு கேட்டது. குழந்தை முனகியது. அதை நோக்கி ஓரடி வைத்தபோது காரின் ஹாரன் அடித்தது. விடாமல் அடித்தது. பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "போம்மா. வண்டிய எடுத்துட்டுப் போனாலும் போயிடுவாரு" என்றாள் சிந்து.

கார் நீலாங்கரையைத் தாண்டியது.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றார் அய்யாதுரை.

"மொதல்லயே தெரியும். சூடாமணி சொன்னா."

"அப்போ மீனு கேட்டது?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஒனக்கு வாய்க்கு ருசியா எதாவது கெடைக்கணும்னு நாயா அலைஞ்சு விசாரிச்சேன்ட்டி" என்றார். மகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் கண்ணைத் துடைத்தது மகளுக்காகவா, தான் ஏமாந்ததற்காகவா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் தன் பாத்திரக் கடைக்குப் போனார். அதற்கடுத்த ஞாயிறும் போனார். தீபாவளி வியாபாரம் வந்தது. மழை வந்தது. யாராவது மீன் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் இப்பப் போறதில்ல" என்றார். வீட்டில் இருவரும் டி.வி.யைப் போட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். சுந்தரவல்லி தனியாகப் பஸ் ஏறிப் போய்விடலாமா என்று நினைத்தாள். அப்படிப் போனால் திரும்பி இந்த வீட்டுக்குள் எந்த முகத்தோடு வருவது என்று தோன்றியது. தவிர, அவர் உள்ளே ஏதோ நடந்துகொண்டிருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. சோற்றில் குழம்பை ஊற்றும்போதெல்லாம் அவர் கை தயங்கியது.

மார்கழியில் ஒருநாள், அவள் பூஜை விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்து நின்று கேட்டார்.

"ஆம்பளப் புள்ளயா, பொம்பளப் புள்ளயா?"

அவள் திரும்பவில்லை. "எனக்குத் தெரியாது. அதுக்குள்ள ஹாரன் அடிச்சுட்டியளே."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிப் போனார்.

அந்த வாரம் அவர் கடையில் பையன்களை அனுப்பிவிட்டுத் தானே பரணில் ஏறினார் என்று மைத்துனர் பிறகு சொன்னார். பெரிய அன்னக்கூடை, குழம்பு வாளி, நீளக் கரண்டிகள், தண்ணீர் ஜக்குகள், மூடிபோட்ட தூக்குகள். எல்லாம் கனமான சரக்காகப் பொறுக்கி எடுத்தார். பாத்திரத்தில் பேர் வெட்டும் மிஷினைத் தானே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கண் தெரியாமல் எழுத்து கோணியது. ஒவ்வொன்றின் விளிம்பிலும் 'சிந்து' என்று வெட்டினார். கடைசியாகக் குழந்தைக்கென்று எடுத்த சின்னக் கிண்ணத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். அதில் ஒன்றும் வெட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், "கிளம்பு" என்றார். கார் டிக்கி மூடாமல் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. சுந்தரவல்லி எட்டிப் பார்த்தாள். வெட்டியிருந்த பேரைப் பார்த்தாள். அவரிடம் எதுவும் கேட்காமல் உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் பாத்திரங்கள் குலுங்கின. பனையூர் பக்கத்தில் வேகத்தைக் குறைத்து, "என்ன சொல்லிக் கூப்பிடணும் அவளை?" என்றார்.

"பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க."

கோவளத்துக்கு அப்பால் சாலை அடையாளம் தெரியவில்லை. இருபுறமும் செம்மண்ணைக் கொட்டி அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். மரங்கள் வேரோடு சாய்க்கப்பட்டுக் கிடந்தன. தார் டிரம்கள், ரோடு ரோலர்கள். புளியமரம் இருந்த இடத்தை இரண்டு தடவை கடந்து போய்த் திரும்பி வந்தார்கள். பிறகுதான் அந்த நீல டிரம் சரிவில் உருண்டு கிடப்பதைச் சுந்தரவல்லி பார்த்தாள். அடுப்பு இருந்த இடத்தில் கருகிய மண் மட்டும் மிச்சம். அய்யாதுரை அதன்மேல் செருப்போடு நின்றார். பிறகு என்ன நினைத்தாரோ, விலகிச் செருப்பைக் கழற்றினார்.

எதிர்ப்புறம் சாக்குப் படுதா கட்டி அமீனா பீ என்ற அம்மாள் ரோடு போடுகிறவர்களுக்கு டீ விற்றுக்கொண்டிருந்தாள்.

"சூசை கடையா? அத்த பிரிச்சிட்டாங்க நைனா. ரோட்டாண்ட இருந்ததெல்லாம் போச்சு. எனக்கும் இந்தப் படுதாதான் மிச்சம்."

"எங்க போயிட்டாங்கம்மா?" என்றாள் சுந்தரவல்லி.

"தட்டுமுட்டெல்லாம் ஒரு டெம்போல ஏத்திக்கினு தெக்கால போச்சுங்க. அவுங்களுக்கே எங்கன்னு தெரியாது. கெடைக்கிற எடத்துல அடுப்பு வைக்கணும்னு சொல்லிக்கினு இருந்துச்சு அந்தப் பொண்ணு. நீங்க இன்னா, சொந்தமா?"

சுந்தரவல்லி அய்யாதுரையைப் பார்த்தாள்.

"எம் மவ" என்றார் அவர். வாய் கோணியது. "கொழந்தை... அது என்ன கொழந்தைம்மா?"

"பொண்ணு நைனா. தவுந்துக்கினே என் கடை வரிக்கும் வந்துடும். பாப்பா பாப்பான்னுதான் கூப்டுவாங்க. பேரு எனக்குத் தெரியாது."

டீயைக் கையில் வாங்கியவர் குடிக்காமல் திருப்பிக் கொடுத்தார். காரில் ஏறினார்கள். அவர் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பவில்லை.

மகாபலிபுரத்தைத் தாண்டினால் கடைகள் குறைவு. நீண்ட தூரத்துக்குச் சவுக்கும் மணலும்தான். ஒரு கூரைக்கு மேல் புகை தெரிந்ததும் அய்யாதுரை வண்டியை ஒதுக்கினார். மீன் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்தே ஒருவன் கூவி அடுக்கினான். அவர் அதைக் கேட்கவில்லை. பெஞ்சுகளைத் தாண்டி நேராக அடுப்படிக்குப் போனார். பச்சை விறகு. உள்ளே புகை அடர்ந்து, அடுப்பின் முன் குத்துக்காலிட்டிருந்த பெண்ணின் முதுகு மட்டும் தெரிந்தது. கார்க் கதவைப் பிடித்தபடி சுந்தரவல்லி பார்த்துக்கொண்டிருந்தாள். அய்யாதுரை தாழ்ந்த கூரையின் விளிம்பைக் கையால் தூக்கிப் பிடித்து, குனிந்து, கண்ணெரிய நின்றார். அந்தப் பெண் ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருந்தாள். இன்னும் திரும்பவில்லை.