பெயர் வைக்காத இஸ்திரிக்காரர்

1

“உங்க வாப்பா கப்பல்ல என்னவா இருக்கார்?” வளைகுடாவில், ரோலா பகுதியில் ஒரே ஃப்ளாட்டின் அடுத்த அறையில் குடியிருந்த பானுமதி அக்கா ஒருமுறை கேட்டாள்.

“கேப்டன்க்கா,” என்றாள் இஃப்பத். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள், நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். அந்தச் சொல் மட்டும் தடங்கலில்லாமல் வந்தது. வாசகரே, அந்தப் பொய்யைக் காப்பாற்றத்தான் இந்தக் கதை எழுதப்பட்டது. அவள் ஒளித்து வைத்த நோட்டில்.

2

முதல் தொடக்கம்: ‘2006 கோடையில் முதலாளி அர்பாபின் சொந்த உல்லாசப் படகு மத்தியதரைக் கடலில் தீவு தீவாகப் போய்க்கொண்டிருந்தது. கேப்டன் செய்கு முகம்மது கையில்’

(அடித்துவிட்டாள். பெயர் வாப்பாவுடையதுதான். ஆனால் கேப்டன் கையில் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.)

இன்னொன்று: ‘கேப்டன் கரையில் இறங்கி, கறுப்பு மணலை ஒரு பிடி அள்ளி மகளிடம்’

(மணல் நிஜம். வாப்பா போனில் சொன்னது. “நான் எங்கம்மா தீவைப் பார்த்தேன்? கீழ் ரூம்ல துணியோட கெடக்கேன். துவாலையை உதறுனா கறுப்பு மணலா வெள்ளை மணலான்னு தெரியும். அம்புட்டுத்தான்.” படகில் அவருக்கு வேலை, துவைப்பதும் இஸ்திரி போடுவதும்.)

3

கேப்டன் கேப்டனாகத் தெரிய யாரையாவது அதட்ட வேண்டியிருந்தது. அதற்கென்று ஓர் இஸ்திரிக்காரனை உண்டாக்கினாள்.

‘“சட்டையில என்னய்யா சுருக்கம்? யல்லா, மறுபடி போடு,” என்றார் கேப்டன். இஸ்திரிக்காரன் தலையைக் குனிந்துகொண்டான்.’

இந்த ஆள் கதைக்கு வேண்டுமா என்று அவளுக்குச் சந்தேகம்தான். ஆனால் நோட்டிலேயே நன்றாக வந்திருந்தது அந்தப் பக்கம்தான்.

4

லீவு முடிந்து கிளம்பும் நாளில் வாப்பா பாஸ்போர்ட்டைத் தேடினார். அரிசி வாளிக்குப் பின்னாலிருந்த நோட்டு கையில் அகப்பட்டது. நின்றபடியே வாசித்தார். வேகமாக வாசிக்க வராது அவருக்கு. இஃப்பத் சுவரோரம் நின்றாள்.

“எல்லாருக்கும் பேரு இருக்கு,” என்றார். “இவனுக்கு மட்டும் ஏம்மா பேரு வைக்கல?”

5

ஒரு முடிவு: ‘வாப்பா சிரித்து, “என்னை வச்சே என்னைய அதட்டிட்டியே, கள்ளி” என்று’

மற்றொன்று: ‘இஃப்பத் அழுதாள். வாப்பா அவள் தலையில் கை’

(இரண்டிலும் அவள் நல்லவளாகவே இருந்தாள். அதனால் நிறுத்திவிட்டாள்.)

வேண்டியதை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். அன்றைக்கு அவள் சொன்னது இதுதான்:

“வேணாம்னா அந்த ஆளையே எடுத்துர்றேன் வாப்பா.”

செய்கு முகம்மது நோட்டை மூடி அவள் கையில் கொடுத்தார். ஷூவை மாட்டினார். பெட்டியை எடுத்துக்கொண்டு, ஸலாம்கூடச் சொல்லாமல் படியிறங்கிப் போனார்.