கடை ஜன்னலில் ஒரு கல்யாணப் படம்

என் தங்கை பியாட்ரிஸுக்கு வினை ஒரு வெள்ளை கவுனில் வந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அந்த ஓஸ்வால்டை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

1937ஆம் வருஷம். கமர்சியல் தெருவில் ஒரு வெள்ளைக்கார துரைசானியின் துணிக்கடையில் பியாட்ரிஸ் கவுன்களுக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். புது உடுப்புகளைப் போட்டுக் காட்டுகிற மௌரீன், விளம்பரப் படம் எடுக்க இருந்த சமயம் காய்ச்சலில் படுத்துவிட்டாள். கல்யாண கவுன் அவள் அளவுக்குத் தைத்தது. துரைசானியின் கண் கடை முழுக்கச் சுற்றி என் தங்கையின் இடுப்பில் வந்து நின்றது. நாளைக்கு நீ நில் என்று சொல்லிவிட்டாள்.

பியாட்ரிஸ் பயந்துபோய் ஓஸ்வால்டைக் கேட்டாள். நிச்சயமான மாப்பிள்ளை, தபாலாபீஸ் குமாஸ்தா. மாதாவுக்கு அடுத்தபடி அவளுக்கு அவன்தான்.

"பேஷா நில்லு பியா. கடை ஜன்னல்ல உன் படம்னா எனக்குத்தானே பெருமை" என்றான்.

துணைக்கு நானும் போனேன். பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகிறவள் மாதிரி கைகூப்பிக்கொண்டு நின்றாள். வெளிச்ச மருந்து எரியும்போதெல்லாம் கண்ணை மூடினாள். போட்டோக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். பக்கத்தில் கோட் போட்டு மாப்பிள்ளையாக நிற்க, கடையில் வேலைபார்த்த அலெக்சாண்டரைப் பிடித்து நிறுத்தினார்கள். எப்படியோ ஒரு படம் தேறியது. என் தங்கை அவ்வளவு அழகி என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. படம் ஜன்னலில் ஏறியதும் ஓஸ்வால்ட் அவளோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

அந்த ஞாயிறு மாதா கோயிலில் அவர்களுக்கு முதல் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் அறிவிப்பார். யாரும் வாய் திறப்பதில்லை.

இரண்டாம் ஓலைக்கு ஓஸ்வால்டின் அம்மா அல்போன்சா தங்கவயலிலிருந்து வந்தார். முந்தின நாள் முக்காட்டு லேஸ் வாங்கக் கமர்சியல் தெரு போயிருக்கிறார். எங்கள் ஜனம் போட்டோ பிடிப்பது கல்யாணத்துக்கு ஒன்று, சவப்பெட்டியைச் சுற்றி நின்று ஒன்று. வேடிக்கைக்கு மணப்பெண்ணாக நிற்பார்கள் என்று அந்த அம்மாள் எங்கே கண்டார்? அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

ஓலை வாசித்ததும் எழுந்தார். "சாமி, இந்தப் பொண்ணுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிருச்சு. வேறொருத்தனோட நிக்கிற படம் கடையில இருக்கு. என் கண்ணால பார்த்தேன்."

கோயிலில் ஒரே சலசலப்பு. பியாட்ரிஸ் மட்டும் பதறவில்லை. ஆண்கள் பக்கம் திரும்பி ஓஸ்வால்டைப் பார்த்தாள். அவன் சொல்லிவிடுவான் என்று முகத்தில் அவ்வளவு நிம்மதி.

"ஓஸ்வால்ட், இந்தப் படத்தைப் பத்தி உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார் சாமியார்.

அவன் அம்மாவைப் பார்த்தான்.

"தெரியாது சாமி."

துரைசானியை விசாரித்து, சாமியார் மறுநாளே உண்மையைத் தெளிவாக்கிவிட்டார். அல்போன்சா அம்மாள் வீட்டுக்கு வந்து பியாட்ரிஸின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். அவர் பின்னால் நின்றுகொண்டு ஓஸ்வால்ட், "அம்மா முன்னாடி பயந்துட்டேன் பியா" என்றான். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

மூன்றாம் ஞாயிறு பூசைக்கு முன்னால் பியாட்ரிஸ் என்னைக் கூட்டிக்கொண்டு சாமியாரிடம் போனாள்.

"எங்க ஓலையை வாசிக்க வேண்டாம் சாமி."

"எல்லாம் தீர்ந்துபோச்சேம்மா. இன்னும் என்ன தடை?"

அதுவரை அடக்கி வைத்திருந்தவள் உடைந்து அழுதாள். "அவர்மேல இன்னும் ஆசை இருக்கு சாமி. ஆனா நாளைக்கு யாராவது என்னைப் பத்தி ஏதாவது சொன்னா, நான் அவர் முகத்தைத்தானே பார்ப்பேன்?"

சாமியார் அன்றைக்கு அவர்கள் பெயரை வாசிக்கவில்லை. மறுநாள் பியாட்ரிஸ் வீங்கின கண்ணுக்குப் பவுடர் பூசிக்கொண்டு கடைக்குப் போய், யாரோ ஒருத்தி கல்யாணத்துக்குத் தைத்த கவுனைப் போட்டுக் காட்டினாள்.