சுவரில் மிதிபட்ட நடவு

சென்னை மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் மாறிய வருஷம், வலங்கைமான் பக்கத்து ஊர் ஒன்றில் உயர்நிலைப் பள்ளிக்குப் புதுக் கட்டடம் வந்தது. வெள்ளிக்கிழமை திறப்பு விழா. வாசல் சுவரில் வயல் படம் ஒன்று வரைய வேண்டும் என்று டிராயிங் மாஸ்டர் இராஜாங்கத்திடம் தலைமையாசிரியர் துரைராசு சொன்னார். சொன்ன கையோடு நிபந்தனைகளையும் அடுக்கினார்.

"சூரியன் வேணாம் சார். ஆளுங்கட்சி சின்னம்னு, விழாவுக்கு வர்ற மிராசுதார் முறைப்பாரு. ரெட்டைமாடும் வேணாம், அது அவரு கட்சி. கதிரும் அரிவாளும் பக்கத்துப் பக்கத்துல வந்துச்சோ, தொலைஞ்சோம். ஏற்கெனவே கூலித் தகராறுல ஊரு ரெண்டுபட்டுக் கெடக்கு."

வயலில் எதைத் தொட்டாலும் ஒரு கட்சி வந்து நின்றால் மனுஷன் எதைத்தான் வரைவது? கடைசியில் நடவு தப்பித்தது. நாற்று முடியை எந்தக் கட்சியும் சின்னமாக வைத்திருக்கவில்லை.

இராஜாங்கம் கும்பகோணத்துக்காரர். வயலைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தவர். அதைச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். பதினோரு வருஷம் பாடம் நடத்தியவருக்கு அந்த அளவு வீம்பாவது இருக்காதா? மூன்று நாள் ஏணியில் நின்று வரைந்தார். வரிசையாக ஏழு பெண்கள், ஏழு பேருக்கும் மலர்ந்த முகம், பொட்டு, மூக்குத்தி. அவர்களுக்குப் பின்னால் நட்டு முடித்த பச்சை வரிசைகள், முன்னால் வெறும் சேறு. கண் பட்டுவிடுமோ என்று அவருக்கே பயமாக இருந்தது.

புதன்கிழமை ஏழாம் வகுப்பை அழைத்து வந்து படத்தின் முன் நிறுத்தினார். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் ஒரு பக்கம், நிலக்காரர் வீட்டுப் பிள்ளைகள் ஒரு பக்கம் என்று வருஷம் முழுக்கப் பிரிந்து நின்ற வகுப்பு அது. ஒரு பக்கம் சிரித்தால் மறுபக்கம் உம்மென்று இருக்கும். அன்று இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்தது.

"என்ன சிரிப்பு?"

நிலக்காரர் வீட்டு ஞானாம்பாள்தான் வாயைத் திறந்தாள். "நட்டதையெல்லாம் மிதிச்சிடுவாங்க சார்."

"யாரு?"

"இவங்கதான் சார். நடுறவங்க குனிஞ்சு குனிஞ்சு பின்னாடியேதான் போவாங்க. பச்சை அவங்களுக்கு முன்னாடியில்ல இருக்கணும்? செவ்வந்தியக் கேளுங்க, அவங்கம்மா எங்க வயல்லதான் நடுறாங்க."

செவ்வந்தி தலையைக் குனிந்துகொண்டாள். இராஜாங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. போன மாதம் நடவு வரையச் சொன்னபோது இந்தப் பெண் குனிந்த முதுகுகளாக வரைந்து வந்தாள். பச்சை தூரத்தில், சேறு கிட்டத்தில், முகம் ஒன்றுகூட இல்லை. அவர் சிவப்பு மையில் 'முகம் எங்கே? தவறு' என்று எழுதிப் பத்துக்கு இரண்டு போட்டார். அதற்குப் பிறகு அவள் டிராயிங் நோட்டே கொண்டுவரவில்லை. மறந்துவிட்டேன் சார் என்பாள். சோம்பேறி என்று அவரும் விட்டுவிட்டார்.

பார்த்ததைப் பார்த்தபடி வரைந்தவளை, பார்க்காத ஆள் திருத்தியிருக்கிறார். இன்னும் எத்தனை பேரை இப்படித் திருத்தினாரோ. வெட்கம் பிடுங்கித் தின்றது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிடலாம். வரைவதையே விட்டுவிட்ட பெண்ணை என்ன செய்வது?

"செவ்வந்தி, நீ போட்டதுதாம்மா சரி. நான்தான் தப்பு. எப்படிப் போவாங்க, கொஞ்சம் காட்டேன்."

வாத்தியார் தப்பை ஒப்புக்கொண்டு அந்த வகுப்பு பார்த்ததே இல்லை. செவ்வந்தி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்தாள். இடது கையில் இல்லாத நாற்று முடி. வலது கை மண்ணைத் தொட்டு எழ, கால் ஓரடி பின்னால் போயிற்று. ஞானாம்பாளும் பக்கத்தில் குனிந்தாள். பிறகு யார் யாரோ. இராஜாங்கமும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையில் சேர்ந்தார். ஏழெட்டு அடியிலேயே இடுப்பு கெஞ்சியது.

"சார், கோணலா போறீங்க!" என்று செவ்வந்தி அதட்டினாள். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஒரு வாத்தியாரும் பின்னாலேயே போய், என்ன சத்தம் என்று பார்க்க வந்த துரைராசுவின் மேல் மொத்தமாக மோதினார்கள்.

அன்று மாலையே சுவருக்குச் சுண்ணாம்பு. "நாளன்னைக்கு விழா சார்!" என்று துரைராசு கையைப் பிசைந்தார். இராஜாங்கம் காதில் வாங்கவில்லை. மறுநாள் காலை செவ்வந்தியிடம் கரித்துண்டை நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவர் வற்புறுத்தாமல் தானே ஒரு முதுகை வரைந்தார்.

"ஒடிஞ்சு கெடக்கு சார்" என்றாள்.

அழித்துவிட்டு மறுபடி வரைந்தார்.

"இப்ப மூட்டை மாதிரி இருக்கு."

அடுத்ததை அவர் தொடங்கும்போதே பொறுக்கமாட்டாமல் கரியைப் பிடுங்கிக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டாள். இராஜாங்கத்துக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஞானாம்பாள் பச்சை கலக்கினாள்.

வெள்ளிக்கிழமை விழாவின் பூமாலைகளும் பேச்சுகளும் காரேறிப் போன பிறகு, வாசலுக்கு வெளியே நின்றிருந்த நடவுப் பெண்கள் உள்ளே வந்தார்கள். செவ்வந்தியின் அம்மா அம்சம், சுவரை ஒட்டி நின்று ஒவ்வொரு முதுகாகப் பார்த்தாள்.

"இது ராமாயி. இடுப்புல கை வச்சுக்கிட்டு நிமிந்து நிக்கிறா பாரு, வேலைக் கள்ளி!" ராமாயி அவள் தோளில் ஓர் அடி வைத்தாள். "சரி, நான் எங்கடி?"

செவ்வந்தி ஓரத்து முதுகைக் காட்டினாள்.

"ஐயய்யோ, நான் இவ்வளவு குண்டா? வாத்தியாரய்யா, நீங்களாச்சும் சொல்லக் கூடாதா?"

"எங்கம்மா சொல்றது! நான் சொன்னா உங்க பொண்ணு கேக்கவே மாட்டேங்குது" என்றார் இராஜாங்கம். பதினோரு வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக அவர் எந்தப் பிள்ளையைப் பற்றியும் புகார் சொன்னதில்லை.