மூன்றாம் தூணின் குழி

இளம்பரிதியின் முதல் குத்து காத்தானின் மூக்கில் இறங்கியது. இரண்டாவது குத்துக்குக் காத்தான் காத்திருக்கவில்லை. மச்சானின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, ரயில் பாலத்தின் இரும்பு கர்டரில் மோதினான்.

“அண்ணே, அவர வுடுண்ணே! என்னங்க, நீங்களும் வுடுங்க!” அம்சம் இடையில் புகுந்தாள். இளம்பரிதி அவளுடைய அண்ணன். காத்தான் புருஷன்.

“மேட்டூர் தொறந்து பதினாறு நாளாச்சு,” இளம்பரிதிக்கு மூச்சு வாங்கியது. “ஊரெல்லாம் தண்ணி ஓடுது, எங்க நாத்து மட்டும் கருகுது. வேடிக்க காட்டுற ரயிலுக்காக ஆத்தயே அடைச்சு வச்சிருக்கீங்க.”

“மூணே நாள் மச்சான். தூணுக்கடியில செங்கல்ல மாத்திட்டா நானே கொரம்ப வெட்டி வுடுறேன்.”

“போன வாரமும் இதத்தான் சொன்ன. புழுகுறதுக்குத் தனியா கூலி குடுக்குறானா ஒன் கான்ட்ராக்டர்?”

இளம்பரிதி ரத்தத்தைத் துப்பிவிட்டுப் போனான்.

முத்துப்பேட்டைக்கு வடக்கே அந்தக் கிளைப் பாதையில் ரயில் நின்று பல வருடங்களாகிவிட்டன. இப்போது பழைய நீராவி ரயிலைச் சுற்றுலாவுக்காக ஓட்டப் போகிறார்கள் என்று பாலங்களைப் பழுது பார்த்தார்கள். செங்கல் தூண்கள் முன்பு இருந்தபடியே இருக்க வேண்டும். சிமெண்ட் கூடாது, சுண்ணாம்புச் சாந்துதான். ஆற்றின் வளைவில் மூங்கிலும் வைக்கோலும் மண்ணும் வைத்துக் குறுக்கே கொரம்பு கட்டித் தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள். மூன்றாம் தூணின் அடியில் பன்னிரண்டடிக் குழி. அதில் ஊறுகிற தண்ணீரை ஆள் வேலை செய்யும்வரை டீசல் இன்ஜின் ஓயாமல் இறைத்துக்கொண்டிருக்கும்.

காத்தான் கொத்தனார். இன்ஜின் அம்சத்தின் பொறுப்பு. கல்யாணமாகி நாலு வருடத்தில் இருவரும் ஒரே இடத்தில் வேலை பார்ப்பது இதுதான் முதல் தடவை. குழிக்குள்ளிருந்து அவன் நிமிர்ந்து சிரித்தால் இவளுக்கு டீசல் புகைகூட மணக்கும்.

பகல் பதினொரு மணிக்கு, மூக்கில் பஞ்சோடு அவன் இறங்கினான்.

“இன்ஜின நிறுத்து புள்ள. தட்டிப் பாக்கணும்.”

ஒவ்வொரு செங்கல்லாகச் சுத்தியலால் தட்ட வேண்டும். நல்ல கல் கணீரென்று கேட்கும். பின்னால் சாந்து உதிர்ந்த கல் பொத்தென்று கேட்கும். இன்ஜின் ஓடினால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அவள் நிறுத்தினாள்.

வளைவுக்கு அப்பால், கருவேல முள்ளுக்குள் இளம்பரிதியும் ஊர்க்காரர்களுமாகப் பன்னிரண்டு பேர் மண்வெட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். இன்ஜின் ஓடினால் குழியில் ஆள் உண்டு. நின்றால் எல்லாரும் கரையேறிவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் யாருக்கும் அதில் சந்தேகம் வந்ததில்லை.

“சோத்துக்கு ஏறிட்டானுவ,” என்றான் இளம்பரிதி. “வெட்டுங்கடா.”

மண்வெட்டிச் சத்தம் அம்சத்துக்குக் கேட்டது. “மேல ஏறுங்க! கொரம்ப வெட்டுறாங்க!” என்று குழிக்குள் கத்தினாள். இன்ஜின் சுற்றுகிற இரும்பு ஹேண்டிலோடு ஓடினாள்.

“அண்ணே, நிறுத்துண்ணே! கீழ அவரு இருக்காரு!”

“இன்ஜின் நின்னது எங்களுக்குக் கேக்கல? போயி வேற யாரயாச்சும் ஏமாத்து.” அவன் மண்வெட்டியை மறுபடி ஓங்கினான்.

அந்தக் கையில் அம்சம் அடித்தாள். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. யாரோ ஒருவன் அவள் கூந்தலைப் பிடித்து இழுத்தான். திரும்பி அவன் தாடையில் ஒன்று வைத்தாள். பல் தெறித்தது.

“தட்டிப் பாக்கறதுக்காக நான்தான் நிறுத்துனேன்! நான்தாண்ணே நிறுத்துனேன்!”

தொங்குகிற கையோடு இளம்பரிதி தங்கையின் முகத்தைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது.

அதற்குள் கொரம்பு உடைத்துக்கொண்டது. ஓரடி வாய் ஆறடியாகப் பிளந்து, மூங்கில்களை முறித்துக்கொண்டு தண்ணீர் பாலத்தை நோக்கிப் பாய்ந்தது. கர்டர் மேலிருந்து சூப்பர்வைசர் சைபுல்லா அலறினார். “ஏறும்போது சாரம் சரிஞ்சிடுச்சு! காத்தான் காலு மாட்டிக்கிச்சு!”

இளம்பரிதி உடைப்புக்குள் குதித்தான். “எறங்குங்கடா! கை கோத்து நில்லுங்க!”

உடைப்பை முதலில் உடம்பால்தான் அடைப்பார்கள், பிறகுதான் மண். பன்னிரண்டு பேரும் சுவராக நின்றார்கள். மூங்கில் முனை ஒருவனுடைய விலாவைக் கிழித்தது, அவன் நகரவில்லை. முறிந்த கையைப் பக்கத்திலிருந்தவன் இறுக்கிக் கோத்தபோது இளம்பரிதி அடித்தொண்டையில் ஊளையிட்டான். பாய்ச்சல் பாதியாகக் குறைந்தது.

அம்சம் ஓடிவந்து குழிக்குள் குதித்தபோது தண்ணீர் காத்தானின் தாடையில் நின்றது. சைபுல்லா மேலிருந்து சங்கிலியை இறக்கினார். அவள் முங்கி, காலின் மேல் கிடந்த மரத்தில் அதை மாட்டினாள். மேலே இழுத்தார்கள். மரம் ஒரு சாண் எழும்பியது, கால் வரவில்லை.

“பிஞ்சாலும் பரவால்ல, இழுடீ!” தண்ணீரைக் குடித்துக்கொண்டே கத்தினான்.

இழுத்தாள். அவன் போட்ட அலறலில் கரையிலிருந்த கொக்குகள் எழும்பிப் பறந்தன.

மேலே கொண்டுவந்து போட்டார்கள். முழங்காலுக்குக் கீழே கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது. இளம்பரிதி பக்கத்தில் வந்து மண்டியிட்டான். காத்தான் படுத்தபடியே, மிச்சமிருந்த பலத்தையெல்லாம் திரட்டி அவன் முகத்தில் ஒரு குத்து விட்டான். யாரும் தடுக்கவில்லை. பிறகு அதே கையால் மச்சானின் பிடரியைப் பிடித்துக்கொண்டான்.

“ஒன் கைய எவன்டா ஒடச்சான்?”

“ஒம் பொண்டாட்டிதான் மாப்ள.”

காத்தான் சிரிக்கப் பார்த்து வாந்தியெடுத்தான்.

ஒரே ஆம்புலன்ஸில் இருவரையும் ஏற்றினார்கள். “வெட்டறதுக்கு முன்னாடி ஒரு சத்தம் குடுத்திருக்கணும்,” என்று இளம்பரிதி திரும்பத் திரும்பச் சொன்னான். மன்னார்குடி போய்ச் சேரும்வரை, வண்டி குலுங்கும்போதெல்லாம் காத்தான் வலி தாங்காமல் அம்சத்தின் தோளை நகம் பதியப் பிடித்தான். ரத்தம் கசிந்தது. அவள் விலகவில்லை. பிடி தளர்ந்தபோதுதான் பயந்துபோய், “இன்னும் அழுத்திப் புடிங்க,” என்றாள்.