அழுகையை வெட்டியவள்

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, சினிமா எடிட்டரம்மா அலமாரித் துணிகளையெல்லாம் கட்டிலில் கொட்டி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரே சட்டையை மூன்றாவது முறையாகப் பிரித்து மடிப்பதைப் பார்த்த கணவர், "அது என்ன பாவம் பண்ணுச்சு, விட்டுடேன்" என்றார்.

அவள் எடிட் செய்த குத்துச்சண்டைப் படத்தின் இரண்டாம் பாகம் அன்றுதான் வெளியாகியிருந்தது. முதல் பாகத்தை எடுத்தவர் பேர்போன இயக்குநர். இந்த முறை கதாநாயகனே இயக்கியிருந்தான். 'ஆசை யாரை விட்டது' என்று விமர்சகர்கள் படம் வருமுன்பே கத்தியைத் தீட்டிவிட்டார்கள். அவர்களில் ஒருவருக்கு 'மூணு வரிக்காரர்' என்றே பேர். பிடிக்காத படத்தை மூன்றே வரியில் அடக்கம் செய்துவிடுவார்.

அவளுடைய பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. கடைசிச் சண்டைக்கு முன் நாயகன் உடைமாற்றும் அறையில் நான்கு நிமிடம் அழுவான். உயிரைக் கொடுத்து நடித்த காட்சி. அதை வெட்டிவிடச் சொன்னவள் அவள்.

"தம்பி, நீயே அழுது முடிச்சிட்டா ஜனங்க எதுக்கு அழணும்?"

"நான் நடிச்சதிலேயே இதுதான் பெஸ்ட் அக்கா!"

"நடிகன் சொல்றது சரி. டைரக்டரைக் கேட்டுட்டு வா."

அவன் எடிட்டிங் அறைக் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான். இரண்டு நாள் எட்டிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, திரையைப் பார்க்காமலே, "தூக்கிடுங்க" என்றான். அவன் கைகளுக்குத் துணி சுற்றும் பன்னிரண்டு விநாடி மட்டும் அங்கே மிஞ்சியது. படம் கவிழ்ந்தால் அவன் முகத்தில் எப்படி விழிப்பது?

கணவர் ஃபோனை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். "முதல் பாதி ஜவ்வு மாதிரி இழுக்குதாம்."

"உண்மைதானே. எவ்வளவோ சொன்னேன்."

"டைரக்டருக்குத் தன் முகத்தை விட்டு காமிராவை நகர்த்த மனசே வரலையாம்."

அவள் அந்தச் சட்டையை மறுபடி பிரித்தாள். கணவர் விரலால் தள்ளிக்கொண்டே போனவர், சட்டென்று நிமிர்ந்தார். "இந்தாம்மா, மூணு வரிக்காரரு... மூணு வரியைத் தாண்டிட்டாரு! போய்க்கிட்டே இருக்கு!"

அவள் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டாள். 'கதறி அழ வேண்டிய இடத்தில் வாய் திறக்காமல் கைக்குத் துணி சுற்றுகிறான். அழுதது நான்தான். இந்த நடிகரைவிட இந்த இயக்குநர் கெட்டிக்காரர்.'

அப்படியே கட்டிலில், துணிக்குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மலையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. உடனே ஃபோன் அடித்தது. அவன்தான்.

"படிச்சீங்களா அக்கா? அந்த நாலு நிமிஷத்தை அழிச்சிடலையே?"

"பத்திரமா இருக்கு. மறுபடி சேர்க்கணும்னு ஆரம்பிச்சிடாதே!"

"ஐயோ, இல்லக்கா. அம்மாவுக்கு மட்டும் போட்டுக் காட்டணும். உன் பையன் நல்லா அழுதிருக்கான்னு அவங்ககிட்ட நானே பெருமையடிச்சுட்டேன்."

அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாப்பா."

நேற்று மதியத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.